நான்குமுனைச் சந்திப்பில் நிற்பவர்களின் சாட்சியம்

கள்ளக்குறிச்சித் தெருக்களின் வாகனப் புகையை ஊர்மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து அளக்க வேண்டும் என்ற யோசனையை மறுத்து எழுதப்பட்ட கட்டுரையை நிதானமாகப் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர், ஊர் நலனில் அக்கறை உள்ளவர். அதனாலேயே பதில் சொல்லாமல் விட முடியவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். இவர் சொன்னால் நாளைக்கு நகராட்சிக் கூட்டத்தில் மேற்கோளாகிவிடும்.

அவருடைய வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காற்று மாசு டெல்லிக்கும் சென்னைக்கும் உரிய நோய். கல்வராயன் மலைக்காற்று வீசும் ஊருக்கு அது பொருந்தாது. அப்படியே இருந்தாலும் அளப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை, நிபுணர்களின் வேலை. மலிவான கருவியை ஆட்டோ ஓட்டுநரிடமும் பள்ளி மாணவியிடமும் கொடுத்தால் தரவு வராது, பீதிதான் வரும். மக்களோடு உட்கார்ந்து ஆய்வு செய்கிறவர் ஒரு தரப்பின் ஆளாகிவிடுகிறார். பழைய வண்டிகள் போய்ப் புதிய வண்டிகள் வந்தால் புகை தானாகத் தீரும். கடைசியாக, மலையில் பஸ்ஸே எட்டாத ஊர்கள் இருக்கும்போது பஸ்ஸின் புகையைப் பேசுவது மலைமக்களுக்குச் செய்யும் துரோகம்.

இவற்றில் கடைசி வாதத்துக்கு மட்டும் கனம் உண்டு. அதற்கு வருகிறேன். மற்றவை தேடிப் பார்க்காமல் எழுதப்பட்டவை. அவற்றில் மக்களால் அளக்க முடியாது என்பது, இந்த ஊர்ப் பெண்களை அவமதிப்பதும்கூட.

நம் மக்களுக்குக் காற்றை அளக்கத் தெரியாது என்கிற பேச்சைக் கள்ளக்குறிச்சியைப் பற்றி எழுதுகிறவர் சொல்லவே கூடாது. காற்று மாசு ஆய்வின் உலக வரைபடத்தில் இந்த ஊர் ஏற்கெனவே இருக்கிறது. ஹேப்பின் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளோடு நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் இரண்டுதான்: கடலோரத்தில் நாகப்பட்டினம், உள்நாட்டில் கள்ளக்குறிச்சி. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இங்கே அதை நடத்தியது. 2018-ல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியபோது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்கூட ஆகவில்லை, விழுப்புரத்தோடு இருந்தது.

விறகடுப்பில் சமைத்துவந்த அந்தப் பெண்களில் ஒரு பாதிக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் தரப்பட்டன. மறுபாதிப் பேர் வழக்கம்போல் சமைத்தார்கள். சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் எவ்வளவு என்று அறிய, சிறிய கருவி ஒன்றை உடையோடு சேர்த்து 24 மணி நேரம் அணிந்துகொண்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு, வீட்டு வேலையோடு, அந்தக் கருவியையும் சுமந்தார்கள். நான்கு நாட்டுச் சராசரியில், கேஸ் அடுப்புப் பெண்கள் சுவாசித்தது கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம் நுண்துகள். விறகடுப்புப் பெண்கள் சுவாசித்தது 103.3 மைக்ரோகிராம். இந்த எண்களை 2022-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் அச்சிட்டது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் இதழ் அல்ல அது. வரிக்கு வரி சோதித்து வெளியிடும் இதழ். கள்ளக்குறிச்சிக் கிராமத்துப் பெண்கள் சுமந்த கருவியின் எண்ணை அது ஏற்றது. கட்டுரையாளர் ஏற்க மறுக்கிறார்.

அந்த இதழில் வந்த அதே ஆய்வுக் கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. புகை இவ்வளவு குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு, அப்படியே அச்சானது. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, இதே சென்னைக் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் கண்டு வெளியிட்டிருந்தது. ஒன்று ஒரு பக்கம் காட்டியது, மற்றது அதை உறுதிப்படுத்தவில்லை. இரண்டும் வெளியே வந்தன. மக்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியதால் ஆய்வாளரின் தராசு சாய்ந்துவிடும் என்று சொல்கிறவர், இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மறுபடி எழுதிப் பார்க்கட்டும்.

ஹேப்பினை நான் மக்கள் ஆய்வு என்று பெருக்கிச் சொல்லவில்லை. கேள்வியை வகுத்தவர்கள் ஆய்வாளர்கள். பெண்கள் ஒப்புதல் கொடுத்துப் பங்கேற்றார்கள், அவ்வளவுதான். நான் கேட்பது அதற்கு அடுத்த படி. எதை அளப்பது, எங்கே, எந்த நேரத்தில் என்பதை முடிவு செய்யும் மேசையிலும் இந்த ஊர்க்காரர்கள் உட்கார வேண்டும். கட்டுரையாளருக்கு உண்மையில் பொறுக்காதது இதுதான் என்று நினைக்கிறேன். கருவி சுமக்கும் ஆளாக ஏழை இருந்தால் அவருக்கு ஆட்சேபம் இராது. கேள்வி கேட்கும் ஆளாக வந்தால்தான் பீதி என்கிறார்.

டெல்லி நோய் என்ற வாதத்துக்கு வருகிறேன். 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நாடு முழுவதும் 131 நகரங்கள் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. கள்ளக்குறிச்சி இல்லை. கட்டுரையாளர் இதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார். அந்தப் பட்டியல் எப்படி உருவானது? ஏற்கெனவே தொடர்ந்து அளக்கப்பட்டு, அளவு மீறியதாகத் தெரிந்த நகரங்களும் பத்து லட்சம் மக்களைத் தாண்டிய நகரங்களும் அதில் சேர்ந்தன. ஆண்டுக்கணக்கில் அளக்கப்படாத சிறு நகரம் அந்தக் கதவுக்குள் நுழைய வழியே கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்யாதவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று சொல்வதைப் போன்றது இது.

அளவு என்று எதைச் சொல்கிறோம் என்பதும் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நுண்துகளுக்கு இந்தியா 2009-ல் வகுத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 5. எட்டில் ஒரு பங்கு. நம் நாட்டு வரம்புக்குள் இருக்கும் ஓர் ஊரிலும் நுரையீரலும் இதயமும் கெடலாம் என்பதே இதன் பொருள். டெல்லி அளவுக்கு மோசமில்லை என்பது யாருக்கும் மருந்தாகாது.

மலைக்காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறார். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் துருகம் சாலையில் நடந்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார். இரவில் தரை குளிரும்போது தரையோரக் காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் நிற்கிறது. வெயில் ஏறித் தரை சூடாகும்வரை புகை மேலே போக வழியில்லை. காற்றும் அந்த நேரத்தில் அசைவதில்லை. சரியாக அந்த மாதங்களில்தான் கரும்பு அரவை நடக்கிறது. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்கு டிராக்டர்கள் டிரெய்லர் நிறையக் கரும்பைக் கட்டிக்கொண்டு மெதுவாக, முழு பாரத்தோடு இழுத்துப் போகின்றன. பளு கூடக் கூட, வேகம் குறையக் குறைய டீசல் என்ஜின் அதிகமாகக் கரியைக் கக்கும். அதே காலை நேரத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

புதிய வண்டிகள் வந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் கார், லாரி, பஸ்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. நல்ல விதி. டிராக்டருக்கு அது பொருந்தாது. டிராக்டர்களுக்கென்று தனி விதி. அதில் 2023 ஜனவரியில் வந்த கடுமையான கட்டம் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றை மட்டுமே தொட்டது. நம் வயல்களில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அதற்குக் கீழே. பழைய லாரிகளும் பழைய பஸ்களும் தங்கள் காலம் முடியும்வரை ஓடத்தான் போகின்றன. டயரும் பிரேக்கும் தேய்ந்து எழும் துகளுக்கும் சாலை மண்ணுக்கும் எந்தப் புகைக்குழாய் விதியும் கிடையாது. சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலை வண்டிகள் புறவழியில் போய்விடுகின்றன என்பது உண்மை. ஊருக்குள் வருபவை நின்று நின்று போகின்றன. ஓடுகிற வண்டியைவிட நான்குமுனைச் சந்திப்பில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிதான் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு நேராகப் புகை விடுகிறது.

இனி, அளப்பது நிபுணரின் வேலை என்பதைப் பார்ப்போம். கருவியைச் சரிபார்ப்பது, கணக்கிடுவது, பிழையை மதிப்பிடுவது எல்லாம் நிபுணரின் வேலைதான். ஆனால் ஒருவர் சுவாசிக்கும் மாசு இரண்டு விஷயங்களால் ஆனது: காற்றில் எவ்வளவு இருக்கிறது, அந்தக் காற்றில் அவர் எவ்வளவு நேரம் இருக்கிறார். முதலாவதைக் கருவி சொல்லும். இரண்டாவதை எந்தக் கருவியும் சொல்லாது. அதை வாழ்கிறவர்தான் சொல்ல முடியும்.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் அதிக நேரம் நிற்பவர் யார்? சென்னைக்கோ சேலத்துக்கோ போகிறவருக்கு அடுத்தடுத்து வண்டி இருக்கிறது. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போக வேண்டியவருக்கு அப்படி இல்லை. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணி, கடுக்காயோ சாமையோ விற்க வந்த பெண், கைக்குழந்தையோடு ரேஷன் கார்டு வேலையாக வந்த தாய், இவர்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்காக என்ஜின் அணைக்காமல் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே காத்திருக்க வேண்டும். ஊரிலேயே சுத்தமான காற்று உள்ள இடத்திலிருந்து வருகிறவர்கள், ஊரிலேயே மோசமான இடத்தில் மிக நீண்ட நேரம் நிற்கிறார்கள். மலைக்குத் திரும்பினால் அங்கே விறகடுப்பு. இவர்களின் ஒரு நாள் சுவாசத்தைச் சென்னையிலிருந்து கார் எடுத்து வரும் நிபுணர், ஒரு கட்டடத்தின் மாடியில் வைக்கும் பெட்டியால் எப்படி அறிவார்? பெட்டி துல்லியமாக அளக்கும். மாடியில் யாரும் நிற்பதில்லை.

இதேபோல் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு எந்த நேரத்தில் எந்தப் பக்கச் சிக்னல் அடைக்கிறது என்று தெரியும். தள்ளுவண்டிக்காரருக்கு எந்த மணிக்குப் பழத்தின் மேல் கரி படிகிறது என்று தெரியும். ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கு எந்தப் பள்ளி வாசலில் வண்டிகள் திணறுகின்றன என்று தெரியும். இவை கதைகளல்ல, அளவீட்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய தகவல்கள். இவை இல்லாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் தவறான இடத்தைச் சரியாக அளக்கவே போகும்.

இப்படி நடந்ததற்கு உதாரணம் கேட்டால், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சொல்வேன். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் வாழும் பகுதி. மன்ஹாட்டன் தீவின் டீசல் பேருந்துப் பணிமனைகளில் பெரும்பகுதி அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆஸ்துமா மிகுதி. வீ ஆக்ட் என்ற அமைப்பை அந்த மக்கள் 1988-ல் தொடங்கினார்கள். 1996-ன் கோடையில் அவர்களும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, தெருவில் காற்றை அளந்தார்கள். அளந்தவர்கள் பள்ளி மாணவர்கள். அவர்களைப் பயிற்றுவித்து, கருவிகளைக் கொடுத்து, நடைபாதையில் நிறுத்தினார்கள். லாரி எத்தனை, பஸ் எத்தனை, கார் எத்தனை, நடப்பவர் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். நம் கட்டுரையாளர் எந்த மாணவியை நம்ப மாட்டேன் என்கிறாரோ, அதே வயது.

கண்டது என்ன? நுண்துகளின் மொத்த அளவு இடத்துக்கு இடம் பெரிதாக மாறவில்லை. 37-லிருந்து 47 மைக்ரோகிராம்வரை. இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாத் தெருவும் ஒன்றுதான், பணிமனைமேல் பழி போடாதீர்கள் என்று அதிகாரிகள் கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் அவர்கள் டீசலின் கைரேகையான கரித்துகளையும் தனியாக அளந்தார்கள். அது 1.5-லிருந்து 6 மைக்ரோகிராம்வரை, நான்கு மடங்கு, மாறியது. பஸ்ஸும் லாரியும் எங்கே கூடுதலோ அங்கே கரியும் கூடுதல். மாணவர்களின் எண்ணிக்கைத் தாளும் ஆய்வகத்தின் தராசும் ஒன்றோடொன்று பொருந்தின. எங்கே நிற்க வேண்டும் என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. எதை எடை போட வேண்டும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு இந்த முடிவு கிடைத்திருக்காது. 2000-ல் அது அறிவியல் இதழில் வெளியானது. நுண்துகளில் பெரிய வேறுபாடு இல்லை என்ற, தங்கள் போராட்டத்துக்கு உதவாத எண்ணையும் அவர்கள் மறைக்கவில்லை.

நியூயார்க் தூரம் என்றால் கடலூருக்கு வாருங்கள். 1993 வரை கள்ளக்குறிச்சியும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தினர் சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகத் திரண்டு, 2004-ல் வாளியால் காற்றைப் பிடித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனிவகைப் பை இருக்கும். வாளிக்குள் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிறையும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அந்த நாளில் நம் நாட்டின் காற்றுத் தர அளவுகளில் பென்சீனுக்குக்கூட இடம் கிடையாது. 2009-ல்தான் அது சேர்ந்தது. அதாவது, அளக்கக் கடமைப்பட்டவர்களிடம் அளக்க வேண்டிய பொருளின் பட்டியலே முழுதாக இல்லாத காலத்தில், மூக்கை நம்பி ஒரு கிராமம் அளந்தது. அது ஆலைப் புகை, இது வாகனப் புகை என்ற வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனால் நாற்றம் எந்த வேளையில் வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று குறித்து வைத்து, பையை எப்போது திறப்பது என்று முடிவு செய்தவர்கள் அந்த ஊரார். தகவல் கேட்டு நிபுணர் கிளம்பி வருவதற்குள் காற்றின் திசை மாறியிருக்கும்.

மலிவான சென்சார்களைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு பகுதி சரி. அவை ஒளியைத் துகள்மேல் பாய்ச்சி, சிதறும் ஒளியைக் கொண்டு எண்ணைக் கணிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நீர்த்துளி ஏறி வீங்கிய துகளைப் பெரிதாகக் கணக்கிட்டு அளவைக் கூட்டிக் காட்டும். இது இத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த குறை, தீர்வும் தெரியும். நம்பகமான பெரிய கருவியின் பக்கத்திலேயே சிறியதைச் சில வாரம் வைத்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். அதைச் செய்யத்தான் ஆய்வாளர் தேவை. குறையைச் சொல்லித் திருத்தத்தைச் சொல்லாமல் விட்டது நேர்மையில்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் மாநிலத்தில் 2018-ல் 20,000 குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தெருப்பக்க ஜன்னலில் சிறு குழாயைப் பொருத்தி நைட்ரஜன் டை ஆக்ஸைடை அளந்தன. ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகமும் ஒரு நாளிதழும் மட்டுமல்ல, அந்த மாநில அரசின் சுற்றுச்சூழல் துறையே அதில் பங்காளி. அந்தக் குழாயில் மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. உள்ளே தடவிய வேதிப்பொருள் வாயுவைப் பிடித்துக்கொள்ளும், ஆய்வகம் பிறகு எண்ணும். நம் வாரியம் நினைத்தால் கள்ளக்குறிச்சியிலும் செய்யக்கூடியது.

பீதி என்ற சொல்லை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார். தெரிந்துகொண்டால் மக்கள் பயப்படுவார்கள், ஆகவே தெரியாமல் இருக்கட்டும் என்பது இதன் உள்ளர்த்தம். லண்டனில் பரபரப்பான வட்டச்சாலை ஓரம் வாழ்ந்த எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013-ல் இறந்தாள். அவள் தாய் விடாமல் போராடினார். ஸ்டீபன் ஹோல்கேட் என்ற மருத்துவப் பேராசிரியர், அவர்கள் வீட்டுக்கு ஒரு மைலுக்குள் இருந்த அளவீட்டு நிலையத்தின் பதிவுகளை, சிறுமி மருத்துவமனையில் சேர்ந்த நாள்களோடு ஒப்பிட்டு அறிக்கை தந்தார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அதுவே முதல் முறை. பக்கத்தில் பதிவு இல்லாதிருந்தால் அந்தத் தாயின் பேச்சைத் துக்கத்தின் புலம்பல் என்று ஒதுக்கியிருப்பார்கள். நம் தெருவில் இழுப்பு வந்த பிள்ளையின் தாய் நாளைக்குக் கேள்வி கேட்டால், எந்தப் பதிவைக் காட்டுவது? அவள் பயந்துவிடுவாள் என்று சொல்லிப் பதிவையே தடுப்பவர், அவளுடைய நாளைய சாட்சியத்தை இன்றைக்கே அழிக்கிறார்.

இப்போது மலை.

மலைமக்களுக்கு பஸ் வேண்டும். சாலை வேண்டும். இதில் எனக்கும் கட்டுரையாளருக்கும் ஓர் அணு அளவு வேறுபாடும் இல்லை. 2024 ஜூனில் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றிலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலையும் பஸ்ஸும் அங்கே முக்கியப் பேச்சாயின. அவ்வளவு சாவுக்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது என்பதே வெட்கம். ஆனால் புகையை அளப்பது பஸ்ஸை மறுப்பதாகும் என்ற முடிச்சை இவர் எங்கிருந்து போட்டார்? நேரத்துக்கு வரும் ஒரு பஸ், தனித்தனியாக ஏறும் பல ஜீப்களையும் வேன்களையும் இருசக்கர வண்டிகளையும் குறைக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் புகையும் குறையும். பேருந்து நிலையத்தில் மலைப்பெண் காத்திருக்கும் நேரமும் குறையும். அவள் நுரையீரலுக்குள் போவது அதனால் மட்டுமே பெருமளவு குறைந்துவிடும். வெள்ளிமலைக்குக் கூடுதல் பஸ் கேட்கும் மனுவில் இந்தக் காத்திருப்பின் அளவீட்டை இணைத்தால் மனுவுக்குப் பலம் கூடும். புகையை அளப்பது மலைமக்களின் கோரிக்கைக்குத் துணைச் சான்று. இவரோ அதை எதிர்த்தரப்பாக நிறுத்துகிறார்.

இதில் எனக்குக் கோபம் வருவது வேறொரு காரணத்தால். நாடு விடுதலை பெற்றும் 29 ஆண்டுகள் ஜாகீர்தார்களின் கீழ் கிடந்து, 1976-ல்தான் அந்தப் பிடியிலிருந்து விடுபட்ட மலை இது. அங்குள்ளவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கீழேயிருந்து ஒருவர் சொல்வது அன்றைய பழக்கம். மலைமக்கள் காற்றைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள் என்று இன்று எழுதும் கட்டுரையாளர், அவர்களில் யாரையாவது கேட்டாரா? கேட்டதற்கான ஒரு வரிகூட அவர் கட்டுரையில் இல்லை. விறகுப் புகையால் கண் எரிகிறது, டவுனுக்கு வந்தால் தலை வலிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அவர்களுக்கு உடம்பும் இருக்கிறது, வாயும் இருக்கிறது.

ஆய்வாளர்கள்மேலும் எனக்குக் குறை உண்டு. ஊருக்கு வந்து, ரத்தமும் சிறுநீரும் காற்றும் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிவிட்டு மறைந்துபோகும் ஆய்வுகள் நம் நாட்டில் நிறைய. சேர்ந்து செய்வது என்றால் நிபந்தனைகள் வேண்டும். எண்கள் ஊருக்கும் சொந்தம். அறிக்கை முதலில் தமிழில், அளந்த தெருவில் வாசிக்கப்பட வேண்டும். இதழுக்குப் பிறகு போகட்டும். நாள் முழுக்க நின்று அளக்கும் தள்ளுவண்டிக்காரருக்கு அன்றைய கூலி போகக்கூடாது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் சமூக மருத்துவத் துறை உண்டு, பயிற்சி மாணவர்கள் உண்டு, மூச்சுத்திணறலோடு வருகிறவர்களின் பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டையும் தெருவின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க சென்னையிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாரும் வர வேண்டியதில்லை. சரிபார்க்க மட்டும் பெரிய நிறுவனத்தின் கருவி வரட்டும்.

கட்டுரையாளருக்கு நேரடியாகவே சொல்கிறேன். அடுத்த அரவை தொடங்கும் மாதத்தில், பள்ளி தொடங்கும் காலை நேரத்தில் நான்குமுனைச் சந்திப்பிலும், மாலை கடைசி மலை பஸ் கிளம்பும்வரை பேருந்து நிலையத்திலும் கருவி வைக்க வேண்டும் என்பது எங்கள் தரப்பு. எந்தத் தெரு சுத்தம் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதன் பெயரையும் கொடுங்கள்; ஒப்பிட அதுவும் தேவை, அங்கேயும் வைப்போம். கருவியைத் திருத்தும் முறையை அளக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுவோம், நீங்களும் இடுங்கள். எண் உங்கள் பக்கம் வந்தால் அதையும் அச்சிட நான் கடமைப்பட்டவன். என் பக்கம் வந்தால், நகராட்சிக்கும் வாரியத்துக்கும் போகும் மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.